பெயரை மறைத்த தோள்

குறைமாதக் குழந்தைகள் யூனிட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் நர்ஸ் பிள்ளைகளுக்கு,

வராந்தாக் கதவுக்குப் பின்னால் ஒரு போட்டோ தொங்குகிறது. பார்த்திராவிட்டால் தப்பு உங்களுடையது அல்ல. கதவைத் திறந்தால் மறைந்துபோகும்படி திட்டம் போட்டு மாட்டியது அது. நடுவில் பொன்னாடையோடு ஒரு பெரிய மனிதர். பக்கத்தில் எங்கள் பழைய மேனேஜர், பல் டாக்டரிடம் வாயைக் காட்டுவதுபோல் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் பாதி முகத்தோடு குழந்தை டாக்டர். கீழே ‘தாய் சேய் அரவணைப்பு அறை திறப்பு விழா’ என்று எழுதியிருக்கும். படத்தில் தாயும் இல்லை, சேயும் இல்லை. ஓரத்தில் சட்டை போடாத ஓர் ஆம்பளைத் தோள் மட்டும் இருக்கிறது.

போன வாரம் உங்களில் ஒருத்தி போன் செய்து, “மேடம், அந்தத் தோளு யாருது?” என்று கேட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாராவது கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது. மற்றவர்கள் எல்லாம் பென்ஷன் வந்ததா, சுகர் எவ்வளவு என்றுதான் விசாரிக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மிஷின்களைப் பற்றிச் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறது. மிஷினுக்கு வெளியே நிற்கிறவர்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

இப்போது நீங்கள் அம்மா அப்பாவை யூனிட்டுக்குள் உட்கார வைத்துக் குழந்தையை மார்பில் கொடுக்கிறீர்கள். எங்கள் காலத்தில் அது கிடையாது. எங்கள் காலம் என்றதும் மாட்டுவண்டிக் காலம் என்று நினைத்துவிடாதீர்கள். வாசலில் நிற்கிற எல்லார் கையிலும் செல்போன் இருந்த காலம்தான். பெற்றவர்களுக்கு அப்போது நாங்கள் கொடுத்தது ஒரு கண்ணாடி ஜன்னல். சாயங்காலம் திரையை விலக்குவோம், பார்ப்பார்கள், மூடுவோம். கண்ணாடியில் ‘தொடாதீர்கள்’ என்று மேனேஜர் லேமினேட் செய்து ஒட்டியிருந்தார். லேமினேட் செய்துவிட்டால் எதுவும் சட்டம் ஆகிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. தொடாதீர்கள் என்றால் குழந்தையையா கண்ணாடியையா என்று யாரும் கேட்கவில்லை, இரண்டையுமே தொடாமல் நின்றார்கள்.

அந்தக் கண்ணாடியின் அழகைக் கேளுங்கள். வேப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வேன் வைத்துக்கொண்டு வரும். மூக்கு பெரியப்பா மூக்கு, நெற்றி அத்தை நெற்றி என்று ஜன்னலில் நின்று பாகம் பிரிப்பார்கள். காது யாருடையது என்பதில் இரு வீட்டாருக்கும் சண்டை முற்றி, செக்யூரிட்டி வந்து விலக்கிவிட்டார். குழந்தையை டிஸ்சார்ஜ் செய்து கையில் கொடுத்தபோது, “இது எங்க புள்ள இல்லீங்களே” என்று அத்தைக்காரி பின்வாங்கினாள். அவர்கள் அத்தனை நாளும் பார்த்துச் சண்டை போட்டது பக்கத்து இன்குபேட்டர் பெட்டியில் இருந்த நல்லூர்க்காரர் குழந்தையை. டேக், ரத்த குரூப் எல்லாம் காட்டி நம்ப வைப்பதற்குள் எங்களுக்குத் தொண்டை வற்றிவிட்டது. பிறகு காது விவகாரத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

சிரியுங்கள், நானும் சிரித்தேன். ஆனால் கண்ணாடி வழியாகப் பெற்றவர் ஆக முடியாது என்பதை அந்தச் சிரிப்போடு சேர்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் குழந்தை டாக்டர் சென்னைக்குப் பயிற்சிக்குப் போய் வந்தார். குறைமாதக் குழந்தையைத் துணி இல்லாமல் பெற்றவரின் வெறும் மார்பில் படுக்க வைத்து, மேலே துணி சுற்றிக் கட்டினால் அதன் சூடு நிற்கும், மூச்சு சீராகும் என்று எங்களுக்கு வகுப்பு எடுத்தார். கங்காரு முறை என்று அதற்குப் பெயர். அதற்குச் சாய்ந்து உட்காருகிற நாற்காலி வேண்டும். கேட்டதும் மேனேஜர் கண் மின்னியது. நாற்காலி என்றால் நன்கொடை, நன்கொடை என்றால் திறப்பு விழா, விழா என்றால் போட்டோ.

நன்கொடை கொடுக்க ஒரு செராமிக் முதலாளி முன்வந்தார். கொலு பொம்மை, ஜாடி எல்லாம் செய்கிற சொந்தச் சூளை வைத்திருப்பவர். நல்ல நாற்காலி, குறை சொல்லக் கூடாது. ஆனால் அவருடைய பெயரை, அவருடைய அப்பா பெயரோடு சேர்த்து, சாய்கிற இடத்தில் கொட்டை எழுத்தில் எழுதி அனுப்பியிருந்தார்கள். யாராவது உட்கார்ந்தால் பெயர் மறைந்துவிடும். மேனேஜர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கடைசியில், திறப்பு விழா முடிகிற வரைக்கும் யாரும் உட்காரக் கூடாது, பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவும் கூடாது என்று உத்தரவு போட்டார். லேமினேட்டும் செய்தார்.

இனி தோளுக்கு வருகிறேன்.

அவன் பெயர் கொளஞ்சி. அவனுக்கும் அதே முதலாளியிடம்தான் வேலை, சூளைக்குள் பொருள் அடுக்குகிறவன். மனைவி சுகந்திக்குச் சொந்த ஊர் கம்மாபுரம். பிரஷர் ஏறி, வலிப்பு வந்து, மாதம் நிறைவதற்கு வெகு முன்னாலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. சுகந்தி கண் விழிக்காததால் அவளைப் புதுச்சேரிக்கு ஏற்றி அனுப்பினோம், கூட அவள் அக்கா போனாள். குழந்தையை அவ்வளவு தூரம் அசைக்க முடியாத நிலை, அதனால் எங்களிடமே இருந்தது. பிறந்த கையோடு தாய் ஓர் ஊரிலும் மகள் ஓர் ஊரிலுமாக ஆகிவிட்டார்கள். நடுவில் இவன்.

கையளவு குழந்தை. அதற்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது, மூச்சு விட மறந்துபோகும். குறைமாதத்தில் வந்தவர்களுக்கு இது உண்டு என்று உங்களுக்குத் தெரியும். அலாரம் அடிக்கும், ஓடிப்போய் முதுகைத் தடவுவோம், உள்ளங்காலைச் சுண்டுவோம், ஞாபகம் வந்ததுபோல் மூச்சு விடும். ஒருநாள் ஞாபகம் வராமலே போய்விடுமோ என்ற பயம் எங்கள் எல்லாருக்கும் இருந்தது. வெளியே சொல்லவில்லை.

கொளஞ்சி மருந்து, துணி கொடுக்க உள்ளே வருவான், அதற்கு மட்டும் அனுமதி உண்டு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெட்டியை விட்டு எட்ட நிற்பான். எதுவும் கேட்க மாட்டான். பெட்டியில் சூடு காட்டுகிற எண்ணை மட்டும் குனிந்து பார்ப்பான், தலையை ஆட்டுவான், போய்விடுவான். நாங்கள் பக்கவாட்டுக் கதவைத் திறந்து கை விட்டால் மட்டும் அவனுக்குப் பொறுக்காது.

“அடிக்கடி தொறக்காதீங்க சிஸ்டர். சூடு எறங்குதுல்ல.”

மேனேஜருக்கு அவனைப் பிடித்துப்போனது. “பாருங்க சிஸ்டர், அப்பான்னா இப்படி இருக்கணும். தொந்தரவே கிடையாது.” எங்களுக்கும் பிடித்தது, மறைப்பானேன். கத்தவில்லை, மந்திரித்த கயிறு கொண்டுவரவில்லை, காது யாருடையது என்று கேட்கவில்லை.

பிள்ளைகளே, தொந்தரவே செய்யாத பெற்றோரைக் கண்டால் பயப்படுங்கள். கத்துகிறவர் குழந்தையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். சத்தமே போடாதவர் எங்கேயோ விட்டுவிட்டார் என்று அர்த்தம்.

ஒருநாள் டாக்டர் அவனைக் கூப்பிட்டு, “நீங்க புள்ளைய நெஞ்சுல வச்சுக்கணும்” என்றார். சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினார். அதில் ஒரு வெள்ளைக்காரி, பக்கத்தில் கங்காரு. கொளஞ்சி கங்காருவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இது பெருச்சாளிங்களா சார்?”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பிறகு கொளஞ்சியைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏம்பா, உன் புள்ளைய தூக்க உனக்கு என்னா தடை?” என்று கேட்டேன்.

 அவன் தாழ்ந்த குரலில் விளக்கினான். எனக்கு இத்தனை வருஷ சர்வீசில் யாரும் கொடுக்காத காரணம் அது.

“பச்சைப் பொருள கண்ட எடத்துல தொடக் கூடாது சிஸ்டர். அச்சுலேருந்து எடுத்தது காயறதுக்குள்ள அழுத்திப் புடிச்சா விரல் தடம் வுழும். தொடச்சு வுட்டா கண்ணுக்குத் தெரியாது. சூளையில வச்சா கரெக்டா அந்த எடத்துலதான் வெடிக்கும். எத்தினி பொம்மைய பாத்திருக்கேன். இது இன்னும் பச்ச. பொட்டிக்குள்ள இருக்குது, சூட்டுல இருக்குது. வேவட்டும். நான் தொட்டு எதுனா ஆயிட்டா சுகந்திக்கு என்னா பதில் சொல்றது?”

இன்குபேட்டர் அவனுக்குச் சூளை. நாங்கள் எல்லாம் சூளைக் கதவைக் கண்ட நேரத்தில் திறக்கிற விவரம் கெட்டவர்கள். எண்ணைக் குனிந்து பார்த்ததும், கதவைத் திறந்தால் முகம் சுளித்ததும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. குழந்தை பொம்மை இல்லை என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். “பொட்டி சூடு குடுக்கும்பா, மூச்சு விடச் சொல்லி ஞாபகப்படுத்தாது” என்றுகூடச் சொன்னேன். தலையை ஆட்டினான். மறுநாளும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றான். பத்து விரலும் தடம் பதிக்கிற விரல் என்று நம்புகிறவனிடம் என்ன பேசுவது?

அவனை அசைத்தது நான் இல்லை, டாக்டரும் இல்லை. புதுச்சேரியில் சுகந்தி கண் விழித்துப் பேச ஆரம்பித்திருந்தாள். ஒரு சாயங்காலம் வீடியோ காலில் வந்தாள். முகம் வீங்கி, குரல் தேய்ந்துபோய் இருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“மாமா, புள்ள எப்படி இருக்குது?”

கொளஞ்சி பெட்டிப் பக்கம் குனிந்தான். “முப்பத்தி நாலு இருக்குது.”

“என்னாது?”

“சூடு. நேத்தும் முப்பத்தி நாலுதான். நல்லா நிக்குது.”

 அவள் அழுதாள். “நான் பொட்டிய கேக்கல மாமா. புள்ளைய கேட்டேன். எப்படி இருக்குது? சாஃப்டா இருக்குதா? கனமா இருக்குதா? கைய புடிச்சியா, காலு சில்லுனு இருக்குதா? சொல்லேன்.”

 கொளஞ்சி வெளியே போய், ஜன்னலில் நின்ற மாமியாரிடம், அதாவது சுகந்தியின் அம்மாவிடம், போனைக் கொடுத்துவிட்டு நடந்தான். மாமியார்க்காரி கண்ணாடி வழியாக எந்தப் பெட்டியைக் காட்டினாளோ, எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் வந்து நின்றான். குளித்து, தலை சீவி, நகம் வெட்டியிருந்தான்.

“சிஸ்டர், தூக்கறேன். இப்பவே குடுத்துடுங்க. அப்பறம்னா எனக்கு பயம் வந்துடும்.”

அன்றைக்குத்தான் திறப்பு விழா.

நாற்காலி உறையோடு, ரிப்பனோடு நிற்கிறது. மேலே பிரசவ வார்டில் மேனேஜர் ஒரு ‘தாயையும் சேயையும்’ தயார் செய்துகொண்டிருக்கிறார். பட்டுப்புடவை கட்டிய ஆரோக்கியமான பெண், கொழுகொழுவென்று ஒரு பையன். இருவருக்கும் எங்கள் யூனிட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லை, அதுதான் அவர்களுடைய தகுதி. மல்லிகைப்பூ வைக்கச் சொன்னதற்கு அந்தப் பெண்ணின் அம்மா, “பச்ச ஒடம்புக்காரிக்கு மல்லியப்பூ வச்சா பால் வத்திப் போவும், தெரியாதா உங்களுக்கு?” என்று சண்டைக்கு வந்து, கனகாம்பரம் வாங்க ஆள் ஓடியிருந்தது.

முதலாளி ராகுகாலம் முடிந்துதான் வருவார் என்று தகவல். குழந்தை அன்று காலை கொஞ்சம் நிதானமாக இருந்தது. அப்பன் தயார். நாளைக்கு இந்த இரண்டும் ஒன்றாக அமையுமா என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஸ்டூலில் உட்கார வைத்திருக்கலாமே என்பீர்கள். முதுகு சாயாமல் நெஞ்சில் குழந்தையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், தெரியும். டாக்டரிடம் கேட்டேன். அவர் நல்லவர்தான். ஆனால் நன்றாகப் படித்தவர், அதனால், “சிஸ்டர், மெடிக்கலா எனக்கு ஓகே, மத்ததெல்லாம் நீங்க பாத்துக்கங்க” என்றார். அந்த ‘மத்ததெல்லாம்’ என்ற வார்த்தைக்குள் மேனேஜர், முதலாளி, ரிப்பன், என் வேலை எல்லாம் அடக்கம்.

கத்தரிக்கோலை எடுத்தேன். ரிப்பனை வெட்டவில்லை, மரியாதையாக அவிழ்த்து வைத்தேன். பிளாஸ்டிக்கை வெட்டினேன். அந்த வகையில் திறப்பு விழாவை நடத்தியது நான்தான்.

சட்டையைக் கழற்றச் சொல்லி உட்கார வைத்தோம். குழந்தையை டியூப்போடு, ஒயரோடு இரண்டு பேர் சேர்ந்து தூக்கி அவன் நெஞ்சில் வைத்து, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, துணியைச் சுற்றிக் கட்டினோம். கொளஞ்சி மூச்சையே பிடித்துக்கொண்டு இருந்தான்.

“நீ மூச்சு வுடுப்பா. உன்ன பாத்துதான் அது வுடும்.”

விட்டான். இரண்டு கையும் நாற்காலிக் கையில் ஒட்டியிருந்தன. தூக்கித் துணிக்கு மேலே நானே வைத்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, “சில்லுனு இல்ல சிஸ்டர்” என்றான். நேற்றைய கேள்விக்கு இன்று பதில் சொல்கிறான். நான் மருந்து அலமாரியைச் சரிபார்க்கப் போவதுபோல் போனேன், அலமாரி சரியாகத்தான் இருந்தது.

முதலாளிக்கு அன்று இன்னொரு திறப்பு விழாவும் இருந்ததால் ராகுகாலத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். முதலில் ஓடிவந்தது மேனேஜர். நாற்காலியைப் பார்த்தார். அவர் முகத்தை அப்போது லேமினேட் செய்து வைத்திருக்க வேண்டும்.

“என்ன சிஸ்டர் இது? சட்டையில்லாத ஆளு! பேரு தெரியல! எழுப்புங்க, எழுப்புங்க, முதலாளி கை கழுவிட்டு இருக்காரு!”

“வச்சு கொஞ்ச நேரந்தான் ஆவுது சார். இப்ப எடுத்தா புள்ள தாங்காது.”

“அஞ்சு நிமிஷம் பொட்டியில வச்சுட்டு மறுபடி எடுத்துக்கோங்க. மேல பட்டுப்புடவையோட ரெடியா இருக்காங்க.”

“இந்தப் புள்ள ஃபைல் எடுக்கற மாதிரி இல்ல சார், எடுத்து எடுத்து வைக்க. எழுப்பணும்னா டாக்டர எழுதித் தரச் சொல்லுங்க, எழுப்பறேன்.”

டாக்டரைத் தேடினோம். கழிப்பறையில் இருந்தார். அன்று அவர் அதிக நேரம் அங்கேதான் இருந்தார்.

உங்களுக்குச் சொல்லித்தர வேண்டிய ஒரே தந்திரம் இதுதான். முடியாது என்று சொல்லாதீர்கள், சண்டை வரும். எழுதித் தரச் சொல்லுங்கள். பேனாவைப் பார்த்தால் நம் அதிகாரிகளுக்கு ஞானம் வந்துவிடும்.

அதற்குள் முதலாளி பொன்னாடையோடு வந்துவிட்டார். பின்னால் போட்டோக்காரர், கடைசியில் வேறு வழியில்லாமல் டாக்டர். வெளியே பட்டுப்புடவைப் பெண்ணின் கையில் இருந்த பையன் வீல் என்று கத்திக்கொண்டிருந்தான்.

முதலாளியைக் கண்டதும் கொளஞ்சியின் முட்டி எழுந்தது. நான் பயந்தது இதற்குத்தான். மேனேஜரைச் சமாளித்துவிடலாம். முதலாளி வந்தால் எழுந்திருக்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் ஊறிப்போன முட்டியை என்ன செய்வது? எழுந்தால் டியூப் இழுக்கும், குழந்தை சரியும். தோளை அழுத்தினேன். “உக்காரு.” உட்கார்ந்தான். கும்பிடக்கூட முடியவில்லை, கை இரண்டும் குழந்தை மேல்.

“யார்ரா இது? நம்ம கொளஞ்சியா?” முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பார்வை சாய்மானத்தில் பெயரைத் தேடியது. தோளுக்கு இந்தப் பக்கம் அப்பா பெயரில் கொஞ்சம் தெரிந்தது, அந்தப் பக்கம் அவர் பெயரில் கொஞ்சம். “நீ எங்கடா இங்க?”

“புள்ளைங்க மொதலாளி.”

“எங்க புள்ள?”

கொளஞ்சி மோவாயால் நெஞ்சைக் காட்டினான்.

போட்டோக்காரர் தொழிலில் கெட்டி. “அண்ணே, துணிய எடுத்துட்டா புள்ள தெரியும். அவர கொஞ்சம் முன்னாடி சாயச் சொன்னா பேரும் தெரியும்” என்றார். மேனேஜர், ஆஹா, இரண்டும் தெரியுமே என்று துணியின் முடிச்சுக்குக் கையை நீட்டினார். நான் குறுக்கே போவதற்குள் கொளஞ்சி பேசினான். உரக்கப் பேசவில்லை.

“தொடாதீங்க சார். சூளை எரிஞ்சிகிட்டு இருக்குது.”

மேனேஜர் விழித்தார். கொளஞ்சி முதலாளியைப் பார்த்தான். “மொதலாளி, நீங்களே சொல்லுங்க. எரியற சூளைய எவனாவது தொறப்பானா?”

நான் மேனேஜரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் நகர்ந்தது முதலாளி. யோசிக்கவே இல்லை, சட்டென்று எட்டி மேனேஜரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“வுடுங்க சார்! தொறக்காதீங்க!” பிறகு தன் குரலே அதிகம் என்று தோன்றியதோ என்னவோ, கிசுகிசுத்தார். “அவசரப்பட்டு ஒரு தடவ கதவ தொறந்து மொத்த லோடும் வெடிச்சுப் போச்சு எனக்கு. அந்த சத்தம் இன்னும் காதுல கேக்குது. டேய் கொளஞ்சி, அசையாத. எழுந்துக்காத.”

வந்ததற்கு நாலு வார்த்தை பேசாமல் போனால் மரியாதை இல்லையே. அதே கிசுகிசுப்பில் உரையைத் தொடங்கினார். தாய்மையே உலகில் சிறந்தது என்று சட்டையில்லாத ஆணைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது அலாரம் அடித்தது.

காலையிலிருந்து அது அடிக்கவே இல்லை என்பது அடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. மானிட்டரில் எண் சரிகிறது. மேனேஜர் பிளக்கைப் பார்த்தார். டாக்டர் நிஜமாகவே ஓடிவந்தார், அந்த மரியாதையை அவருக்குக் கொடுத்துவிடுகிறேன். நான் கையை நீட்டினேன்.

கொளஞ்சியின் விரல் முந்திக்கொண்டது. துணிக்குள் விட்டு முதுகுத்தண்டை மேலும் கீழும் தடவினான். நாங்கள் செய்வதை இத்தனை நாளும் கை கட்டிக்கொண்டு பார்த்தவன்தானே. “வுடும்மா. மூச்ச வுடு. அப்பா வுடறேன் பாரு.” அவன் நெஞ்சு பெரிதாக ஏறி இறங்கியது. துணிக்குள் சின்னதாக ஓர் அசைவு. எண் நின்றது. மெதுவாக ஏறியது.

 முதலாளி, “ஆச்சா?” என்று என்னிடம் கேட்டார். ஆச்சு என்றேன். அவர் பொன்னாடையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உரையை அதோடு விட்டுவிட்டார், அதற்காகவும் நான் அந்தக் குழந்தைக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். ஃபிளாஷ் இல்லாமல் போட்டோ எடுத்தார்கள். எழுத்து தெரியவில்லை, குழந்தை தெரியவில்லை, தோள் தெரிந்தது. அதைத்தான் மேனேஜர் கதவுக்குப் பின்னால் மாட்டினார்.

அன்றிலிருந்து நாற்காலி காலியாக இருந்ததே இல்லை. கொளஞ்சியைப் பார்த்து மற்ற அப்பன்களும் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தார்கள். அம்மாக்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தார்கள். முதுகுகளின் வியர்வையில் பெயர் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்தது. முதலாளி ஒருமுறை வந்து பார்த்தார். பெயின்ட் அடித்துத் தரட்டுமா என்று கேட்டார். “யாரும் உக்காராம சும்மா வச்சாதான் பேரு நிக்கும் சார்” என்றேன். சாய்மானத்தை ஒரு தடவை தடவிவிட்டு, “அழியட்டும் வுடுங்க” என்று போய்விட்டார்.

மார்பில் வைத்த குழந்தை எல்லாம் பிழைத்ததா என்று கேட்பீர்கள். இல்லை. பெட்டிக்குள்ளேயே இறந்துபோன குழந்தைகளும் உண்டு, மார்பில் இருந்தபடி போன குழந்தைகளும் உண்டு. இரண்டையும் பார்த்துவிட்டேன். மார்பில் வைத்திருந்தவர்கள் அழுதார்கள், உடைந்துபோனார்கள், ஆனால் குழந்தையின் கனம் என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கண்ணாடி வழியாக மட்டும் பார்த்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான், “எப்படி இருந்துச்சு சிஸ்டர்?” அதற்கு என்னிடம் பதில் கிடையாது. அந்தக் கேள்வியை நீங்கள் யாரையும் கேட்க வைக்காதீர்கள்.

கொளஞ்சியின் மகள் பிழைத்துவிட்டாள். மூச்சு விட மறப்பது குறைந்தது, எடை ஏறியது. புதுச்சேரியிலிருந்து சுகந்தியைக் கூட்டிவந்தார்கள். பெற்ற நாளிலிருந்து மகளை அவள் தொட்டதே இல்லை. சக்கர நாற்காலியில் உள்ளே வந்தாள், கை கழுவினாள். கொளஞ்சி துணியை அவிழ்த்துக் காட்டினான். அவள் கை பாதி வரை வந்து நின்றது. பிறகு இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

“பயமா இருக்குது மாமா. நான் தொட்டு எதுனா ஆயிட்டா?”

நான் வாயைத் திறந்தேன், அதற்கான வகுப்பு என்னிடம் தயாராக இருந்தது. அதற்குள் கொளஞ்சி அவள் கையைப் பிரித்து எடுத்தான். குழந்தையின் முதுகில் வைத்து, மேலே தன் கையை வைத்து லேசாக அழுத்தினான்.

“தொடு. தடம் வுழுந்தா வுழட்டும். நம்ம தடந்தான.”